நுரையீரலுக்கும் ஒரு பரிசோதனை

மண்ணைப் பரிசோதித்து உரமிட வேண்டும் என்பதை உழவர் பெருமக்களுக்கு இன்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்று நீரில் உப்பு உண்டா, விதையில் முளைப்புத்திறன் எவ்வளவு, பாலில் கொழுப்புச் சத்து எத்தனை சதம் என்பதையெல்லாம் அளந்து பார்க்கிறோம். ஆனால் அந்த மண்ணில் இறங்கி உழைப்பவரின் மூச்சையும் லிட்டர் கணக்கில் அளக்கலாம் என்பதும், அதற்கு ஊசியோ கத்தியோ தேவையில்லை, ஒரு குழாயில் ஊதினாலே போதும் என்பதும் பலர் அறியாதவை. இச்சோதனையை மருத்துவர்கள் ஸ்பைரோமெட்ரி என்பார்கள். நாம் மூச்சுத்திறன் சோதனை என்று வைத்துக்கொள்வோம்.

இதன் பயனை விளக்க, திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் எனக்குத் தெரிந்த ஓர் உழவர் தம்பதியரின் கதையையே எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம். அவர்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் நிலம். மார்கழிப் பட்டத்தில் மல்லாட்டை (நிலக்கடலையை இப்பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்), மற்றப் பருவத்தில் நெல். அவருக்கு வயது 51. இளமையில் பீடி பிடித்து, பிள்ளை பிறந்ததும் விட்டவர். பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றி வந்தவர், 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் பாதியில் உட்கார ஆரம்பித்தார். இரவில் இருமல், நெஞ்சில் விசில் சத்தம். கடலை அறுவடை முடிந்து காய் உடைக்கும் நாட்களில் படுக்கவே முடியாது. “வயதாகிவிட்டது, பீடி பிடித்த பாவம்” என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, நிலத்தைக் குத்தகைக்கு விட ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஆண்டுகள் சளி மருந்தும், அவ்வப்போது ஓர் ஊசியும், சில நாள் நிம்மதியுமாகப் போயின.

கடைசியில் ஒரு மருத்துவர் அவரை ஊதிப் பார்க்கச் சொன்னார். உடன் சென்ற மனைவிக்கு வயது 47. அவரும் இரண்டு மாடி ஏறியதில் மூச்சு வாங்குவதைக் கண்ட மருத்துவர், “நீங்களும் ஊதிப் பாருங்கம்மா” என்றார். “எனக்கென்னங்க, நானா பீடி குடிச்சேன்?” என்று அந்த அம்மாள் சிரித்தார். இருந்தாலும் ஊதினார். சோதனைத் தாளில் இருவருக்கும் ஒரே எண் வந்தது: நூற்றுக்கு 60. ஆனால் இருவருடைய நோயும் ஒன்றல்ல. அது எப்படி என்பதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

எதை அளக்கிறார்கள்?

நுரையீரலை ஒரு கிணறாகவும், மூச்சுக் குழாய்களைப் பம்புசெட்டின் நீரேற்றுக் குழாயாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். கிணற்றைப் பற்றி நாம் இரண்டு கேள்விகள் கேட்போம். மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? மோட்டாரைப் போட்டதும் எவ்வளவு வேகமாகக் கொட்டுகிறது? நுரையீரலிடமும் இதே இரண்டு கேள்விகள்தாம். மூச்சை முழுவதும் இழுத்து, பின் முழு வேகத்தோடு ஒரே மூச்சாக ஊதித் தீர்த்தால் வெளிவரும் மொத்தக் காற்று முதல் அளவு. அந்த ஊதலில் முதல் ஒரு நொடிக்குள் வெளியேறும் காற்று இரண்டாவது அளவு. நல்ல நுரையீரல் உடையவர் மொத்தக் காற்றில் முக்கால் பங்கை முதல் நொடியிலேயே தள்ளிவிடுவார். இளைஞர்கள் அதற்கு மேலும் தள்ளுவார்கள்.

மொத்தக் காற்றில் முதல் நொடிக் காற்று எத்தனை சதம் என்று கணக்கிடுவதுதான் இச்சோதனையின் உயிர்நாடி. அது 70 சதத்திற்குக் கீழே இறங்கினால் குழாயில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. குழாயில் உப்புப் படிந்து வாய் குறுகிவிட்டது. ஆஸ்துமாவிலும், சி.ஓ.பி.டி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும் நடப்பது இதுவே.

சிலருக்கு வேறு விதமாக வரும். முதல் நொடிக் காற்றும் குறைவு, மொத்தக் காற்றும் குறைவு. ஆனால் விகிதம் சரியாகவே இருக்கும். இவர்களுக்குக் குழாயில் குறையில்லை, கிணறே சுருங்கிவிட்டது. முன்பு காசநோய் வந்து ஆறிய தழும்பு, நுரையீரல் நார்போல் இறுகுதல் முதலியவை இதற்குக் காரணமாகலாம். ஊதும் சோதனை இங்கே ஐயத்தை மட்டுமே எழுப்பும். உறுதிப்படுத்த மருத்துவர் எக்ஸ்ரே, ஸ்கேன், நுரையீரலின் முழுக் கொள்ளளவை அளக்கும் வேறு சோதனைகள் ஆகியவற்றைக் கேட்பார்.

இந்தக் கருவி நேற்று வந்ததன்று. 1846ஆம் ஆண்டிலேயே ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர், நீரில் மிதக்கும் கவிழ்த்த பாத்திரத்திற்குள் ஊதச் செய்து, இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவர்களின் மூச்சை அளந்து எழுதினார். உயரம் கூடக்கூட மூச்சின் கொள்ளளவும் கூடுகிறது என்பதை அவரே காட்டினார். முதல் நொடிக் காற்றைத் தனியே கணக்கிடும் வழக்கம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 1947இல் பிரான்சு நாட்டின் டிஃபெனோ என்பவரின் முயற்சியால் வந்தது. இன்று அதே வேலையைக் கையடக்கமான மின்னணுக் கருவி செய்கிறது.

ஒருவருக்கு எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்பது அவருடைய வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தது. ஐரோப்பியர்களை அளந்து போட்ட அட்டவணையை அப்படியே நமக்குப் பொருத்தினால் நலமாக உள்ளவரையும் நோயாளி என்று சொல்ல நேரும். வேற்று நாட்டு மண்ணுக்குச் சொன்ன உரப் பரிந்துரையை நம் செம்மண்ணுக்குப் போடுவது போலத்தான் அது. இதனால்தான் சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் (2011 முதல் இது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) சென்னையைச் சேர்ந்த நலமான இளம் ஆண், பெண்களின் மூச்சுத்திறனை அளந்து 1990இல் வெளியிட்டார்கள். உங்கள் உயரத்தையும் வயதையும் சரியாகச் சொல்ல வேண்டியது ஏன் என்பது இப்போது விளங்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று உயரம் அளக்கச் சொல்வார்கள். “ஐம்பது இருக்கும்” என்று குத்துமதிப்பாக வயது சொல்லாமல் ஆதார் அட்டையை எடுத்துச் செல்லுங்கள்.

ஊதுவது எப்படி?

மண் மாதிரி எடுப்பதில் தவறு செய்தால் ஆய்வுக்கூடம் எவ்வளவு நல்லதாயினும் முடிவு தவறாகத்தான் வரும். வரப்போரத்திலும் எருக்குவியல் இருந்த இடத்திலும் மண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டு, “பரிசோதனை சரியில்லை” என்று குறை சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூச்சுத்திறன் சோதனை இதைவிடவும் கண்டிப்பானது. இங்கே மாதிரியைக் கொடுப்பது உங்கள் சொந்த மூச்சு. நீங்கள் முழு மனத்தோடு ஊதாவிட்டால் கருவி எதையும் கண்டுபிடிக்காது.

நிமிர்ந்து உட்கார வேண்டும். மூக்கில் ஒரு கவ்வி போடுவார்கள். இனி இழுக்க இடமில்லை என்னும் அளவுக்குக் காற்றை இழுத்து, குழாயின் வாயை உதடுகளால் சுற்றி இறுக மூடிக்கொண்டு, வெடித்தாற்போல் ஊத வேண்டும். ஊதத் தொடங்கியபின் நிறுத்தலாகாது. கருவியை இயக்குபவர் “ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்” என்று கத்துவார். அவர் கோபப்படுகிறார் என்று எண்ண வேண்டாம், அதுவே முறை. குறைந்தது ஆறு நொடியாவது ஊத வேண்டும். அடைப்பு உள்ளவருக்குக் காற்று வடிய இன்னும் அதிக நேரம் பிடிக்கும். ஒரு முறை போதாது. நன்றாக அமைந்த ஊதல் மூன்றாவது வேண்டும். அவற்றுள் சிறந்த இரண்டிற்கும் இடையே 150 மி.லி.க்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. எட்டு முறை வரைகூட ஊதச் சொல்வார்கள். நடுவில் இருமல் வந்தாலும், பாதியில் விட்டாலும், உதட்டோரம் காற்றுக் கசிந்தாலும் அந்த ஊதல் கணக்கில் சேராது.

நம் வேங்கிக்கால் அம்மாள் முதல் நான்கு ஊதல்களையும் வீணாக்கினார். பலர் முன்னிலையில் கன்னம் உப்ப ஊதக் கூச்சம். மெல்ல, மரியாதையாக ஊதினார். அந்தத் தாளைப் பார்த்தால் அவருடைய நுரையீரல் பாழாகிவிட்டது என்றே தோன்றும். அறையில் இருந்த ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு செவிலியர் தாமும் ஊதிக் காட்டியபின் ஐந்தாவது ஊதல் சரியாக அமைந்தது. பெண்களை அழைத்துச் செல்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மருந்து கொடுத்து மறுபடியும் ஊதுதல்

முதல் சுற்றின் முடிவு இவ்வாறு வந்தது. கணவர் ஊதிய மொத்தக் காற்று 3.00 லிட்டர், முதல் நொடியில் 1.80 லிட்டர். மனைவி ஊதிய மொத்தக் காற்று 2.00 லிட்டர், முதல் நொடியில் 1.20 லிட்டர். இருவருக்கும் 60 சதம். இருவருக்கும் குழாயில் அடைப்பு.

இந்த இடத்தில் சோதனையை நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் முடிந்ததாகும். மூச்சுக் குழாயை விரிக்கும் சால்பூட்டமால் என்ற மருந்தை இன்ஹேலர் வழியாக இழுக்கச் செய்து, 15 நிமிடம் உட்கார வைத்து, மறுபடியும் ஊதச் சொன்னார்கள். இந்த முறை கணவர் முதல் நொடியில் 2.35 லிட்டர் ஊதினார். மொத்தம் 3.20 லிட்டர். விகிதம் 73 சதத்திற்கு ஏறிவிட்டது. முதல் நொடிக் காற்று மட்டும் 550 மி.லி., அதாவது 30 சதம் கூடியிருக்கிறது. 12 சதமும் 200 மி.லி.யும் சேர்ந்து கூடினாலே அடைப்பு மருந்துக்கு நன்றாக இளகுகிறது என்று நெடுங்காலமாகக் கொள்வார்கள். ஆகவே அவருடைய அடைப்பு இளகும் அடைப்பு. மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்து ஆஸ்துமா என்றார் மருத்துவர். பீடியும் முதுமையும் அல்ல.

மனைவி மருந்துக்குப்பின் முதல் நொடியில் ஊதியது 1.26 லிட்டர், மொத்தம் 2.05 லிட்டர். விகிதம் 61 சதம். கூடியது 60 மி.லி. மட்டுமே. மருந்துக்குப் பின்னும் 70 சதத்தை எட்டாமல் நிற்பது சி.ஓ.பி.டி. நோயின் அடையாளம். அவர் வயதும் உயரமும் உள்ள பெண்ணுக்கு முதல் நொடியில் ஏறக்குறைய 1.95 லிட்டர் வர வேண்டும். அவரிடம் அதில் மூன்றில் இரண்டு பங்கே எஞ்சியிருந்தது. பீடியைக் கையால் தொடாத அந்த அம்மாளுக்கு, பீடி பிடித்தவருக்கு வரும் என்று ஊரார் நினைத்த நோய். அவரும் சில ஆண்டுகளாகவே கிரிவலம் போவதில்லை. “முழங்கால் வலி” என்று சொல்லியிருந்தார். வீட்டில் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுப்படியில் இருப்பது என்ன?

பன்னிரண்டு வயதில் இருந்து விறகு, கடலைச் செடி, சோளத்தட்டை, வறட்டி ஆகியவற்றில் சமைத்தவர் அவர். சன்னல் இல்லாத அடுப்படி. எரிவாயு இணைப்பு வந்தபின்னும் தேநீருக்கும் விருந்தாளிக்கும் மட்டுமே அதைப் பயன்படுத்தினார். சோறும் வெந்நீரும் விறகில்தான்.

சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 ஊரக வீடுகளில் அடுப்புப் புகையை அளந்து 2002இல் வெளியிட்டார்கள். விறகு, சாணம் போன்றவற்றில் சமைக்கும் நேரத்தில் நுரையீரலுக்குள் செல்லக்கூடிய நுண்தூசி ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. சமைப்பவர் 24 மணி நேரத்தில் சராசரியாகச் சுவாசித்தது 231 மைக்ரோகிராம் அளவிலான காற்று. எரிவாயு போன்ற தூய எரிபொருள் வீடுகளில் அது ஏறக்குறைய 82 மட்டுமே.

அதே நிறுவனத்தார் பின்னர் திருவள்ளூர் மாவட்டத்தில் 45 கிராமங்களுக்குச் சென்று, 30 வயதைக் கடந்த, புகைபிடிக்காத 900 பெண்களிடம் ஆய்வு நடத்தினார்கள். 2011இல் வெளிவந்த அதன் முடிவின்படி அவர்களுள் 2.44 சதம் பேருக்குச் சி.ஓ.பி.டி. இருந்தது. நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் அடுப்படியில் இருப்பவர்களிடையே அது 3 சதம். விறகு வீடுகளில் 2.5 சதம், தூய எரிபொருள் வீடுகளில் 2 சதம் என்று இவ்விரண்டிற்கும் இடையே இருந்த வேறுபாடு சிறியதே. அதை மட்டும் வைத்து எதையும் அடித்துச் சொல்லிவிட முடியாது. இன்று எரிவாயு வைத்திருப்பவரும் நேற்று வரை விறகில் சமைத்தவர்தாமே என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியாயினும் நூறு பெண்கள் உள்ள ஊரில் இரண்டு மூன்று பேர் இந்நோயோடு, பெயர் தெரியாமலே களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது சிறிய செய்தி அன்று.

நாடு முழுவதற்குமான கணக்கும் இதையே காட்டுகிறது. 2016இல் இந்தியாவில் சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் சுமார் 5½ கோடிப் பேர் என்று மதிப்பிடப்பட்டது. அந்நோயால் ஏற்படும் நலக்கேட்டில் பாதிக்கு மேல், 53.7 சதம், வீட்டிலும் வெளியிலும் உள்ள காற்று மாசினால் வருவது. புகையிலையின் பங்கு 25.4 சதம். தொழில் வழியாக வரும் தூசி, புகை முதலியவற்றின் பங்கு 16.5 சதம்.

களத்துத் தூசியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கணவரின் ஆஸ்துமாவைத் தூண்டியது எது என்பது அடுத்த கேள்வி. அவர் மருத்துவமனைக்குப் போன அன்று கடலை உடைக்கவில்லை. ஒரு நாள் ஊதிப் பார்ப்பது ஒரு நாள் மழையை அளப்பது போன்றது. பருவம் முழுவதையும் அறிய மழைமானி வீட்டிலேயே இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது பீக் ஃப்ளோ மீட்டர் என்னும் சிறு குழாய். 1959இல் மார்ட்டின் ரைட் என்பவரின் கருவியிலிருந்து வந்த வழித்தோன்றல் இது. மின்சாரம் வேண்டாம், சில நூறு ரூபாய்க்குள் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. முழு மூச்சிழுத்து ஒரே வெடிப்பாக ஊதினால் முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். மூன்று முறை ஊதி, மிகுந்த எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும்.

மருத்துவர் அவரிடம் பால் கணக்கு எழுதுவது போல ஒரு நோட்டுப் போடச் சொன்னார். காய் உடைக்கும் இரண்டு வாரமும், வேறு வேலை செய்யும் இரண்டு வாரமும், நாளுக்கு நான்கு வேளை. அன்றன்று செய்த வேலையையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். பள்ளியில் படிக்கும் மகள் நோட்டை எழுதினாள். சாதாரண நாட்களில் முள் 400ஐ ஒட்டி நின்றது. இயந்திரத்தில் கடலை உடைத்த நாட்களில் மாலையில் 310, மறுநாள் விடியற்காலையில் 270 வரை இறங்கியது. வைக்கோல் போரைப் பிரித்த நாளிலும் அப்படியே. உரம் போட்ட நாள், தண்ணீர் கட்டிய நாள், களை வெட்டிய நாள் ஆகியவற்றில் இறக்கமில்லை. அவர் விட வேண்டியது நிலத்தை அன்று, உடைப்பு இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் வேலையை என்பது அந்த நோட்டிலிருந்தே தெரிந்தது. குத்தகைப் பேச்சு அத்தோடு நின்றது.

கடலைத் தோலின் தூசியில் மண், நார், பூஞ்சண வித்துகள் எல்லாம் உண்டு. காயை 8 சத ஈரத்திற்குக் கீழ் காய வைத்தால் பூஞ்சணம் குறையும். விலைக்கும் அது நல்லது. ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அப்படிப்பட்ட போரைப் பிரித்த நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், வறட்டிருமல், மூச்சுத்திணறல் வந்தால் அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிட வேண்டாம். உழவர் நுரையீரல் என்றே பெயர் பெற்ற நோய் ஒன்று உண்டு; 1932இல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த புல்லைக் கையாண்டவர்களிடம் முதலில் விவரிக்கப்பட்டது. திரும்பத் திரும்ப வந்தால், முன்பு சொன்ன கிணறு சுருங்கும் வகையைச் சேர்ந்த நிலைத்த பாதிப்பாக அது முடியும். தூற்றும்போது காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நிற்பதும், என்-95 வகை முகக்கவசம் அணிவதும் உதவும். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டினால் பெருந்தூசி நிற்கும், நுண்தூசி நிற்காது.

இன்ஹேலர் பற்றிய அச்சம்

“அதைத் தொட்டால் பழகிவிடும், கடைசி மருந்து அதுதான்” என்ற பேச்சு ஊர்தோறும் உள்ளது. கணக்கைப் பாருங்கள். சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மி.கி., அதாவது 4,000 மைக்ரோகிராம் மருந்து உண்டு. இன்ஹேலரில் இரண்டு முறை இழுத்தால் 200 மைக்ரோகிராம். இருபதில் ஒரு பங்கு. உரத்தை வயலெங்கும் வீசாமல் வேரோரத்தில் வைப்பது போல மருந்து தேவையான இடத்திற்கே போகிறது. ஆஸ்துமாக்காரர்கள் மூச்சு முட்டும்போது மட்டும் விரிக்கும் மருந்தை இழுத்துவிட்டு, வீக்கத்தைக் குறைக்கும் அன்றாட இன்ஹேலரை விட்டுவிடுவது ஆபத்து. நம் நண்பர் ஒரு தைப் பொங்கலின்போது அப்படி விட்டார். நோட்டில் முள் நான்கு நாட்களில் 400லிருந்து 300க்கு வந்ததைக் கண்டு, மூச்சு முட்டும் முன்பே மருத்துவரிடம் போய்விட்டார். ஒருவருடைய சிறந்த எண்ணில் 80 சதத்திற்குக் கீழ் இறங்கினால் எச்சரிக்கை, 50 சதத்திற்குக் கீழ் இறங்கினால் உடனே மருத்துவமனை என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்களுக்கு உரிய எண்ணை உங்கள் மருத்துவரே குறித்துத் தரட்டும்.

மனைவியின் நோய்க்கு இழந்ததை மீட்டுத் தரும் மருந்து கிடையாது. இதை மறைப்பதில் பயனில்லை. நலமாக உள்ளவருக்கும் முப்பது வயதை ஒட்டிய காலத்திலிருந்து முதல் நொடிக் காற்று ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மி.லி. குறைந்துகொண்டேதான் போகும். புகை தொடர்ந்தால் அது விரைவுபடும். நிறுத்தினால் வேகம் தணியும். அவருக்குத் தரப்பட்டவை இன்ஹேலர், மூச்சுப் பயிற்சி, நாள்தோறும் நடை, சளிக்காய்ச்சல் தடுப்பூசி. எல்லாவற்றிற்கும் மேலாக விறகடுப்பை வீட்டுக்கு வெளியே தள்ளியது. வெந்நீர் அடுப்பை இப்போது கணவர் மூட்டுவதில்லை, மகனும் மூட்டுவதில்லை. கொல்லையில் சூரிய வெப்பத்தில் சுடவைத்த குடத்து நீர்தான். ஓராண்டு கழித்து ஊதியபோது 1.22 லிட்டர் வந்தது. 40 மி.லி. குறைந்துவிட்டதே என்று அவர் கலங்கினார். ஒரே நாளில் ஊதும் இரண்டு ஊதல்களுக்கு இடையிலேயே அவ்வளவு வேறுபாடு வரும். ஓராண்டு இடைவெளியில் 15 சதம் அளவுக்கு இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். ஒரே கருவியில், ஒரே மருத்துவமனையில், ஆண்டின் ஒரே பருவத்தில் ஊதிப் பார்த்தால் ஒப்பிடுவது எளிது. தாள்களை மண்வள அட்டையோடு சேர்த்து ஒரே பையில் வைத்திருக்கிறார்கள்.

யார் செல்ல வேண்டும், எப்படிச் செல்ல வேண்டும்?

ஒத்த வயதினரோடு வரப்பில் நடக்கும்போது பின்தங்குபவர்கள், ஆண்டில் மூன்று மாதமாவது சளியோடு இருமுபவர்கள், இரவில் நெஞ்சில் விசில் கேட்பவர்கள், நாற்பதைக் கடந்து நெடுங்காலம் பீடியோ விறகுப் புகையோ கண்டவர்கள், காசநோய்க்கு மருந்து முடித்தபின்னும் மூச்சு வாங்குபவர்கள் ஆகியோர் ஒரு முறையாவது ஊதிப் பார்க்க வேண்டும். விரல் நுனியில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி கொரோனாக் காலத்தில் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. அதில் 97 காட்டுகிறது என்று நிம்மதி கொள்ள வேண்டாம். குழாய் பாதி அடைத்த பின்னும் அது 97 காட்டக்கூடும்.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் இருந்தால் முதலில் அரசு சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்து, காசநோய் இல்லையென்று தெரிந்துகொண்டபின் ஊதச் செல்லுங்கள். சளியில் இரத்தம் வருபவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், கண்ணிலோ வயிற்றிலோ மார்பிலோ அறுவை செய்துகொண்டவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சோதனையைத் தள்ளிவைப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் விசாரிக்கலாம். திருவண்ணாமலைப் பகுதியினர் அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

செல்லும் நாளில் வயிறு முட்ட உண்ண வேண்டாம். இரண்டு மணி நேரத்திற்கு முன் அளவாகச் சாப்பிட்டால் போதும். ஒரு மணி நேரத்திற்கு முன்பிருந்து புகைபிடிக்கலாகாது, ஓடி ஆடவும் வேண்டாம். இடுப்பில் இறுக்கிக் கட்டிய வேட்டி, பாவாடை நாடா, பெல்ட் ஆகியவற்றைச் சற்றே தளர்த்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இன்ஹேலர் இழுப்பவர்கள் எதை எத்தனை மணி நேரத்திற்கு முன் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடமே கேட்க வேண்டும். மூச்சு முட்டினால் சோதனைக்காகப் பொறுத்திராமல் இழுத்துவிட்டு, இழுத்த நேரத்தைச் சொன்னால் போதும். கட்டுப்பல் ஆடாமல் இருந்தால் அதனுடனே ஊதலாம். பழைய மருந்துச் சீட்டுகளையும், எந்தெந்த மாதத்தில், எந்த வேலையின்போது மூச்சு வாங்குகிறது என்று எழுதிய ஒரு தாளையும் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.